ஆட்டுப்பாலும் ஒரு விரதமும்

காந்திஜி என்றதும் நம் நினைவுக்கு வருபவை கைராட்டை, கதர், கைத்தடி, மூக்குக்கண்ணாடி. அவற்றோடு ஆட்டுப்பாலும் வேர்க்கடலையும் சேர்ந்துகொள்ளும். ஆட்டுப்பால் அவருடைய எளிமையின் அடையாளம் என்றே நம்மில் பலர் நினைத்து வந்திருக்கிறோம். உண்மையில் அது அவர் முப்பது வருஷம் சுமந்த ஒரு மனக்குறையின் அடையாளம். பால் அருந்துவதில்லை என்று விரதம் பூண்டவர் அவர். அந்த விரதம் உடைந்த இடத்தில்தான் ஆட்டுப்பால் அவர் வாழ்க்கைக்குள் வந்தது.

பிராணிகளிடம் கருணை உள்ளவர்கள் மாமிசம் சாப்பிடாமல் இருந்தால் போதுமா? அல்லது பால், தயிர், நெய், தோல், பட்டு என்று பிராணிகளிடமிருந்து பெறும் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா? வெளியூரில் படித்துவிட்டோ வேலை பார்த்துவிட்டோ விடுமுறைக்கு வரும் நம் பேரன் பேத்திகள், தாம் 'வீகன்' ஆகிவிட்டதாகச் சொல்லித் தயிர்சாதத்தை ஒதுக்கும்போது, பல இல்லங்களில் இந்தக் கேள்வி எழுகிறது. அந்தச் சொல் இங்கிலாந்தில் 1944ல்தான் உருவாயிற்று. அதற்கு 32 வருஷங்களுக்கு முன்பே காந்திஜி பாலை விட்டுவிட்டார். பிறகு அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், தாத்தா பாட்டிகளும் பேரக்குழந்தைகளும் சண்டையில்லாமல் பேசிக்கொள்ள ஒரு வழி கிடைக்கும்.

வயிற்றுக்குள் கத்திய ஆடு

1869 அக்டோபர் 2ஆம் தேதி போர்பந்தரில், மோத் பனியா குலத்தில், வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்தவர் மோகன்தாஸ். தாயார் புத்லிபாய் விரதங்களிலேயே வாழ்ந்தவர். சாதுர்மாஸ்ய காலத்தில் ஒரு வேளை உணவோடு நிறுத்திக்கொள்வார். சில வருஷங்களில், சூரியனைக் கண்ணால் பார்த்த பிறகே சாப்பிடுவது என்று வைத்துக்கொள்வார். மழைக்காலத்தில் குழந்தைகள் வாசலில் நின்று மேகம் விலகுவதற்காகக் காத்திருப்பார்கள். எடுத்த விரதத்தை நோய் வந்தாலும் விடக்கூடாது என்ற பாடத்தை மோகன்தாஸ் கற்றது அங்கேதான். குஜராத்தில் ஜைன மதத்தின் செல்வாக்கு மிகுதி என்பதால், ஊரே ஜீவஹிம்சைக்கு அஞ்சிய ஊர்.

அப்படிப்பட்ட சூழலில் வளர்ந்த பையன் ரகசியமாக மாமிசம் சாப்பிட்டான். ஆங்கிலேயர்கள் நம்மை ஆள்வதற்கு அவர்கள் உண்ணும் மாமிசமே காரணம் என்று ஒரு நண்பன் போதித்தான். ஆற்றங்கரையில் ஒதுக்குப்புறமாக உட்கார்ந்து ஆட்டிறைச்சியை மென்று விழுங்க முயன்ற அன்றிரவு, உயிருள்ள ஆடு தன் வயிற்றுக்குள் கத்துவது போன்ற பிரமையால் அவன் தூக்கம் கெட்டது. ஆனாலும் அதோடு நிறுத்திவிடவில்லை. சுமார் ஒரு வருஷ காலத்தில் ஐந்தாறு முறை இந்த விருந்து நடந்தது. கடைசியில் அவன் அதை நிறுத்தியது ஆட்டின் மேல் இரக்கப்பட்டு அல்ல. பெற்றோரிடம் பொய் சொல்ல நேர்கிறதே என்ற வேதனைதான் அவனைத் தடுத்தது. அவர்கள் காலத்துக்குப் பிறகு சாப்பிட்டுக் கொள்ளலாம் என்று அவன் நினைத்ததையும் பிற்காலத்தில் அவர் மறைக்கவில்லை.

லண்டனில் முட்டைக் கேள்வி

1888ல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனுக்குக் கப்பலேறுமுன், ஒரு ஜைனத் துறவியின் முன்னிலையில் தாயாருக்கு மூன்று வாக்குறுதிகள் கொடுத்தார். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்பது அவை. லண்டனில் அவர் பட்ட பாடு, முதன்முதலாக வெளிநாடு சென்ற நம்மவர்கள் பலருக்கும் தெரிந்ததே. உப்பு சப்பில்லாத வேகவைத்த காய்கறியும் ரொட்டியும்தான் ஆகாரம். அரைப் பட்டினியோடு தெருத்தெருவாக அலைந்தவருக்கு ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகம் கண்ணில் பட்டது. வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி சால்ட்டின் சைவ உணவு பற்றிய புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். வயிறாரச் சாப்பிட்டார். புத்தகத்தை முழுவதும் படித்தார். அதுவரை தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக மாமிசத்தை ஒதுக்கியவர், அன்றிலிருந்து தம் சொந்த நம்பிக்கையாலேயே சைவரானார். பரம்பரையாக வந்த பழக்கத்தைத் தம் கொள்கையாக ஏற்றுக்கொண்ட நாள் அது. லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்து, அதன் நிர்வாகக் குழுவிலும் இடம் பெற்றார்.

அங்கேதான் இன்னொரு கேள்வி முளைத்தது. மாமிசம் என்றால் எது? அன்றைய இங்கிலாந்துச் சைவர்கள் இதற்கு மூன்று விதமாகப் பொருள் சொன்னார்கள். மிருகங்கள், பறவைகள் ஆகியவற்றின் இறைச்சி மட்டுமே மாமிசம், மீனும் முட்டையும் சாப்பிடலாம் என்றனர் சிலர். மீன் உள்ளிட்ட எல்லா உயிர்களின் இறைச்சியும் மாமிசம், முட்டை மட்டும் சாப்பிடலாம் என்றனர் வேறு சிலர். உயிர்களிடமிருந்து வரும் முட்டை, பால் முதலிய அனைத்துமே மாமிசத்தில் சேரும் என்றது மூன்றாவது கட்சி.

இளைஞர் காந்தி சில நாட்கள் முட்டை சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு யோசித்தார். வாக்குறுதியை வாங்கியவர் அம்மா. மாமிசம் என்ற சொல்லில் முட்டையும் அடக்கம் என்பதே அம்மாவின் எண்ணமாக இருந்திருக்கும். ஆகவே இங்கிலாந்துக்காரர் சொல்லும் பொருள் தம்மைக் கட்டுப்படுத்தாது, அம்மா கொண்ட பொருளே கட்டுப்படுத்தும் என்று தீர்மானித்து முட்டையை விட்டார். பிரதிக்ஞைக்கு இரண்டு பொருள் சொல்ல இடமிருந்தால், நமக்குச் சௌகரியமான பொருளை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அன்றே ஒரு விதியாக வகுத்துக்கொண்டார். இந்த விதியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருஷம் கழித்து இதுவே அவரைக் குற்றக்கூண்டில் நிறுத்தியது.

பாலை விட்ட கதை

பால் வேண்டாம் என்ற எண்ணத்தை முதலில் விதைத்தவர் பம்பாயில் நகை வியாபாரம் செய்துகொண்டே ஞானியாக வாழ்ந்த ராய்சந்த்பாய். பால் புலனுணர்ச்சிகளைத் தூண்டும் ஆகாரம் என்பது அவர் கருத்து. பிரம்மசரிய விரதம் பூண்ட காந்திஜிக்கு அது மனத்தில் தைத்தது. ஆனாலும் உடனே பாலை விட்டுவிடவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இருக்கும்போது, கல்கத்தாவிலிருந்து சில பிரசுரங்கள் அவர் கைக்குக் கிடைத்தன. பசுக்களையும் எருமைகளையும் பால்காரர்கள் படுத்தும் பாட்டை அவை விவரித்தன. அதில் மிகக் கொடியது 'பூக்கா' என்னும் வழக்கம். மடியில் இருக்கும் பாலைக் கடைசிச் சொட்டு வரை கறந்துவிடுவதற்காக, மாட்டின் பின்புறத்தில் குழாயைச் செருகிக் காற்றை ஊதுவார்கள். வேதனை தாங்காமல் மாடு பாலை விட்டுவிடும். நம் ஊர்களில் வைக்கோல் அடைத்த கன்றின் தோலைத் தாய்ப்பசுவின் முன் நிறுத்திக் கறந்ததைப் பார்த்த பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கன்று செத்ததை மறைத்துத் தாயை ஏமாற்றுவது அது. பூக்காவில் ஏமாற்றுக்கூட இல்லை, வதை மட்டுமே.

1910ல் ஜோகன்னஸ்பர்க் அருகே ஹெர்மன் காலன்பாக் என்ற ஜெர்மானிய யூத நண்பர் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே சேர்ந்து வாழ்ந்தன. அவர்களில் தமிழர்கள் கணிசமாக இருந்தார்கள். 1912ல் ஒருநாள் பால் பற்றிய பேச்சு வந்தபோது, பாலின் தீமைகளை ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறோமே, விட்டுவிட்டால் என்ன என்று காலன்பாக் கேட்டார். இருவரும் அப்போதே அங்கேயே பால் அருந்துவதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டார்கள். அதன்பின் காந்திஜியின் ஆகாரம் பெரும்பாலும் பழங்களும் கொட்டைகளும்தான். அவற்றிலும் ஏழைக்கு எட்டும் வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் போன்றவையே.

அதே பண்ணையில் காந்திஜி செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டார். தாம் தைத்த ஒரு ஜோடியை, தம்மைச் சிறையில் தள்ளிய ஜெனரல் ஸ்மட்ஸுக்கு 1914ல் அன்பளிப்பாகக் கொடுத்தார். பாலை விட்டவர் தோலை விடவில்லை. அந்தத் தோலைப் பற்றி அவர் பிற்காலத்தில் என்ன செய்தார் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நோய்ப் படுக்கையில் வந்த சோதனைகள்

ஆகார நியமங்களை ஆரோக்கியமாக இருக்கும்போது கடைப்பிடிப்பது எளிது. காந்திஜியின் நியமம் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டது நோய்ப் படுக்கையின் அருகில்தான்.

பம்பாயில் இரண்டாவது மகன் மணிலாலுக்குப் பத்து வயதில் டைபாய்டு ஜுரம் கண்டது. கூடவே நிமோனியாவின் அறிகுறிகள். முட்டையும் கோழிச் சாறும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். காந்திஜி மறுத்துவிட்டுத் தண்ணீர்ச் சிகிச்சையும் ஈரத்துணிப் போர்வையுமாகப் பார்த்துக்கொண்டார். பிள்ளை பிழைத்தான். பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கத் தமக்கு உரிமை உண்டா என்ற கேள்வி அந்த இரவு முழுவதும் அவரை வாட்டியது.

அடுத்த சோதனை கஸ்தூர்பாவுக்கு. டர்பனில் ஆபரேஷன் முடிந்து மிகவும் பலவீனமாகக் கிடந்தவருக்கு மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். காந்திஜி மனைவியையே கேட்டார். அந்தச் சாற்றைக் குடித்து உயிர் வாழ்வதைவிடக் கணவர் மடியில் சாவதே மேல் என்ற கருத்தில் பா உறுதியாக இருந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்த நாளில், எலும்பும் தோலுமாக இருந்தவரை ரயிலேற்றி ஃபீனிக்ஸ் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார்கள். ரயிலடிக்குத் தூளியும் சூடான பால் ஒரு பாட்டிலும் கொண்டுவரச் சொல்லியிருந்தார் காந்திஜி. பால் விரதம் அப்போது இன்னும் வரவில்லை.

மூன்றாவது சோதனை அவருக்கே. 1914ல் லண்டனில் அவருக்கு மார்பில் நீர்கோத்துக்கொண்டது. டாக்டர் ஜீவராஜ் மேத்தா பால் குடிக்கச் சொன்னார். அவரைவிட வற்புறுத்தியவர் கோகலே. காந்திஜி தம் அரசியல் குருவாக மதித்தவர் அவர். ஓர் இரவு அவகாசம் கேட்டு யோசித்த காந்திஜி, பழத்தைக்கூட விடலாம், பாலை மட்டும் தொட முடியாது என்று சொல்லிவிட்டார். கோகலேக்கு வருத்தம்தான். ஆனாலும் மேற்கொண்டு கட்டாயப்படுத்தவில்லை.

1919: விரதம் உடைந்த நாள்

1918ல் கேடா மாவட்டத்தில் கிராமம் கிராமமாக நடந்து, யுத்தத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார் காந்திஜி. வேர்க்கடலை வெண்ணெயும் எலுமிச்சையுமே ஆகாரம். உடம்பு தளர்ந்திருந்த நேரத்தில் ஒரு பண்டிகை வந்தது. பா செய்து வைத்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியையும் பயறையும் ஆசையோடு சாப்பிட்டுவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் கடுமையான சீதபேதி. வாழ்நாளில் அப்படியொரு நோயை அவர் கண்டதில்லை. மரணம் வாசலில் நிற்பதாகவே நினைத்து ஆசிரமவாசிகளிடம் விடைபெறும் நிலைக்கு வந்துவிட்டார்.

பார்க்க வந்தவர்களெல்லாம் வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் ஆயுர்வேத நூல்களையே ஆதாரம் காட்டி மாமிசச் சாறு சாப்பிடலாம் என்றார். இன்னொருவர் முட்டையைச் சிபாரிசு செய்தார். ஆகார விஷயத்தில் தமக்கு நூல்களின் அனுமதி பிரச்னையே இல்லை, தம் வாழ்க்கையோடு பிணைந்த நெறி அது என்று சொல்லி எல்லாவற்றையும் மறுத்தார்.

பிறகு பம்பாயில் டாக்டர் தலால் வந்து பார்த்தார். பால் சாப்பிடாவிட்டால் உடம்பு தேறாது, பாலும் சாப்பிட்டு ஊசியும் போட்டுக்கொண்டால் பழைய பலம் வருவதற்குத் தாம் பொறுப்பு என்றார். ஊசி சரி, பால் முடியாது என்றார் காந்திஜி. உங்கள் விரதம்தான் என்ன என்று டாக்டர் விசாரிக்க, பூக்கா கொடுமையையும் அதனால் தமக்கு உண்டான வெறுப்பையும் விவரித்தார். கட்டிலருகே நின்றிருந்த பா அப்போது குறுக்கிட்டு, அப்படியானால் ஆட்டுப்பால் சாப்பிடத் தடையில்லையே என்றார். அதுவே போதும் என்று டாக்டரும் உடனே பிடித்துக்கொண்டார்.

காந்திஜி இணங்கிவிட்டார்.

மாமிசச் சாறு வேண்டாமென்று தம் உயிரையே விடத் துணிந்த அதே பாதான் கணவருக்கு இந்த வழியைக் காட்டினார். உயிரைக் காப்பாற்றத் துடிக்கும் மனைவியை யார் குறை சொல்ல முடியும்? காந்திஜியும் சொல்லவில்லை. பழியைத் தம் மேலேயே போட்டுக்கொண்டார். ரௌலட் சட்டத்தை எதிர்த்துப் போராட வேண்டும் என்ற ஆசை உயிரின் மேல் பற்றை உண்டாக்கிவிட்டது என்று தம் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். சங்கல்பம் செய்தபோது பசுவும் எருமையும் மட்டுமே மனத்தில் இருந்தன என்பது உண்மை. ஆகவே சொல்லளவில் விரதம் முறியவில்லை. ஆனால் எந்தப் பிராணியின் பாலும் மனிதனுக்கு உரியதல்ல என்பதே அந்த விரதத்தின் உயிர். உடல் கிடக்க உயிர் போய்விட்டது என்று அவர் எண்ணினார். லண்டனில் முட்டை விஷயத்தில் தாமே வகுத்த விதியை வைத்துப் பார்த்தால் தாம் தவறியவரே என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

'சத்திய சோதனை'யைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு நாளும் ஆட்டுப்பாலைக் கையில் எடுக்கும்போதும் அந்த வேதனை அவருக்குத் திரும்ப வந்தது. சிறுவயதில் வயிற்றுக்குள் கத்திய ஆட்டின் குரல் ஒருவிதத்தில் ஓயவேயில்லை.

மாற்றைத் தேடி

மனம் நொந்ததோடு அவர் நிற்கவில்லை. பாலுக்கு ஈடான தாவர உணவைக் கண்டுபிடித்துத் தருமாறு மருத்துவர்களையும் விஞ்ஞானிகளையும் எழுத்தின் மூலம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். 1929ல் சமைக்காத தானியங்களையும் முளைகட்டிய பயறுகளையும் மட்டுமே சாப்பிட்டு, பாலை மறுபடியும் விட்டுப் பார்த்தார். உடம்பு கெட்டு மீண்டும் ஆட்டுப்பாலுக்கே திரும்ப நேர்ந்தது. 1935ல் வார்தாவின் மகன்வாடியில் சோயா மொச்சையைக் கொண்டு பரிசோதனை நடத்தி 'ஹரிஜன்' இதழில் எழுதினார். இன்று கடைகளில் அட்டைப்பெட்டியில் விற்கும் சோயா பாலும் பாதாம் பாலும் அன்று கிடைத்திருந்தால், அவர் கதை வேறு மாதிரி போயிருக்கக்கூடும்.

1931ல் வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் சென்றபோது, தாம் முன்பு அங்கம் வகித்த சைவ உணவுச் சங்கத்தார் நவம்பர் 20ஆம் தேதி அவரைப் பேச அழைத்தார்கள். ஒரு ஷில்லிங் புத்தகத்தை எழுதிய அதே ஹென்றி சால்ட் அருகில் அமர்ந்திருந்தார். உடல்நலத்துக்காக மட்டும் சைவத்தைக் கைக்கொண்டவர்கள் நோய் வந்ததும் நழுவிவிடுகிறார்கள், தர்மத்தின் அடிப்படையில் நிற்பவர்களே நிலைக்கிறார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அதே மூச்சில், மற்றவர்களைத் திருத்தப் புறப்படும் சைவர்களுக்குப் பொறுமையும் கொஞ்சம் பணிவும் வேண்டும் என்றும் எச்சரித்தார். பாலை விட முடியாமல் போன தம் தோல்வியையும் அந்தச் சபையில் மறைக்கவில்லை.

1942ல் ஆகாகான் மாளிகைச் சிறையில் ஆரோக்கியத்தைப் பற்றி எழுதிய சிறு நூலில், நம்மைப் போன்றவர்களைத் திடுக்கிட வைக்கும் ஒரு கருத்தைச் சொன்னார். பால் பிராணியிடமிருந்து வருவது, அதைத் தாவர உணவில் சேர்க்க எந்த நியாயமும் இல்லை என்றார். குஞ்சு பொரிக்காத முட்டை இப்போது கிடைக்கிறது, பால் குடிப்பவர் அதை மட்டும் மாமிசம் என்று ஒதுக்கக் காரணமில்லை என்றும் எழுதினார். முட்டை சாப்பிடச் சொல்வது அவர் நோக்கமல்ல. அவர் தொடவும் இல்லை. பாலுக்கு நாம் கொடுத்திருக்கும் தனிச்சலுகைக்குக் காரணம் பழக்கமா, தர்மமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வைப்பதுதான் அது.

செத்த மாட்டின் தோல்

முழுவதும் விட முடியாததை என்ன செய்வது? காந்திஜியின் பிற்கால வாழ்க்கையில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. பயன்படுத்துவதானால், அது வரும் வழியைச் சுத்தப்படுத்து என்பதே அது.

1924 டிசம்பரில் பெல்காமில் நடந்த பசுப் பாதுகாப்பு மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். பசுவைப் பூஜித்துக்கொண்டே பட்டினி போடுவதும், கன்றுக்குப் பால் விடாமல் கறப்பதும், கறவை நின்றதும் விற்றுவிடுவதும் இந்துக்களாகிய நாம்தான் என்று கூசாமல் சொன்னார். கசாப்புக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடுவதால் பசு பிழைக்காது, பசுவை அங்கே அனுப்பும் பொருளாதாரத்தை மாற்றினால்தான் பிழைக்கும் என்பது அவர் வாதம். கோசாலைகள் நல்ல பால் பண்ணைகளாக நடக்க வேண்டும். இயற்கையாக இறந்த மாட்டின் தோலைப் பதனிடும் தொழிலும் அவற்றோடு சேர வேண்டும். இறந்த மாட்டின் தோல், எலும்பு, கொம்பு எல்லாவற்றுக்கும் விலை கிடைத்தால், கிழட்டு மாட்டை அதன் ஆயுள் வரை வைத்துக் காப்பாற்றச் செலவுக்கு வழி பிறக்கும். கொன்ற மாட்டின் தோலுக்கும் தேவை குறையும்.

வைஷ்ணவர் ஒருவர் தம் ஆசிரமத்திலேயே தோல் பதனிடும் கூடம் வைப்பதா என்று பலர் முகம் சுளித்தார்கள். சபர்மதியில் கூடம் அமைந்தது. பின்னர் வார்தா அருகே நால்வாடியிலும் வந்தது. செத்த மாட்டை அப்புறப்படுத்தித் தோலுரிப்பவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிவிட்டு, அவர்கள் பதனிட்ட தோலில் செருப்புப் போட்டு நடப்பதில் உள்ள பொய்யையும் அவர் சுட்டிக்காட்டினார். பிராணியிடம் கருணை, மனிதனிடம் கருணை இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. 1941ல் வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் முன்னின்று கோசேவா சங்கத்தைத் தொடங்கியபோதும், இறந்த மாட்டின் தோலை மட்டுமே உபயோகிப்பது அதன் நெறிகளில் ஒன்றாக இருந்தது.

1928ல் நடந்த ஒரு சம்பவம் அவருக்குப் பெரிய எதிர்ப்பைத் தேடித் தந்தது. சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று பிழைக்க வழியில்லாமல், புரளவும் முடியாமல் வேதனையில் துடித்தது. வைத்தியர் கைவிட்ட பிறகு, காந்திஜி தாம் அருகில் நிற்க ஊசி போட்டு அதன் உயிரைப் போக்கச் சொன்னார். கோஹத்தி என்று நாடெங்கும் வசைக் கடிதங்கள் குவிந்தன. கொல்லாமை என்ற சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு பிராணியைத் துடிக்க விடுவது அகிம்சை ஆகாது என்று பத்திரிகையில் எழுதினார். பால் விரதத்தில் சொல்லைக் காப்பாற்றி உயிரை இழந்தவர், ஒன்பது வருஷம் கழித்து இந்தக் கன்றின் விஷயத்தில் சொல்லுக்கு அடங்கவில்லை.

1948 ஜனவரி 30ஆம் தேதி மாலை, பிர்லா மாளிகையில் சர்தார் படேலோடு பேசிக்கொண்டே அவர் எடுத்துக்கொண்ட கடைசி ஆகாரத்திலும் ஆட்டுப்பால் இருந்தது. அதன்பின் பிரார்த்தனைக்குப் புறப்பட்டார்.

பின்னர் வந்த சட்டமும் நம் இல்லங்களும்

காந்திஜியின் மனத்தை உலுக்கிய பூக்கா இன்று நாடு முழுவதும் சட்டப்படி குற்றம். அதைக் குற்றமாக்கிய 1960ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவர், மதுரையில் பிறந்து கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்யசபையில் நியமன உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்துதான் அந்தச் சட்டம் பிறந்தது. கறவையை அதிகமாக்க மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவதும் அதே பிரிவின் கீழ்க் குற்றமே. ஆனாலும் குழாய் போன இடத்தில் ஆக்ஸிடோஸின் ஊசி புகுந்ததை நாம் அறிவோம்.

1998 முதல் உலகிலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு நம்முடையது. எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் நாம் முன்னணியில் இருக்கிறோம். இந்த இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சொல்ல முடியாது. பசுவோ எருமையோ கன்று ஈன்றால்தான் பால். ஈன்ற கன்றுகளில் ஏறக்குறையப் பாதி கிடாரிகள் அல்ல. உழவுக்கு டிராக்டரும் சினைக்கு ஊசியும் வந்த பிறகு அந்தக் காளைக்கன்றுகளுக்கு வேலை இல்லை. அவை எங்கே போகின்றன என்று காலையில் டிகாஷனில் பாலை ஊற்றும்போது நாம் யோசிப்பதில்லை. பட்டுப்புடவையும் அப்படியே. புழுவோடு கூட்டைக் கொதிநீரில் போட்டே பட்டு எடுக்கப்படுவதால், அதை உடுத்த வேண்டாம் என்று காஞ்சி மகா பெரியவர் பல காலம் சொல்லி வந்தார். நம் கல்யாணங்களில் அது எவ்வளவு தூரம் ஏறியது என்பது நமக்கே தெரியும். சபாவில் நாம் ரசிக்கும் மிருதங்கத்தில் பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்கள் சேர்ந்திருக்கின்றன.

இவற்றையெல்லாம் இன்றே விட்டுவிட வேண்டுமா? அப்படி எவருக்கும் கட்டளையிட காந்திஜியின் வாழ்க்கையில் இடமில்லை. அவராலேயே முடியவில்லை. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் பாலும் மோரும் இல்லாமல் ஆகாது என்பதை அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அபிஷேகமும் நைவேத்தியமும் நடக்கும் இல்லங்களில் பால் இல்லாத ஒரு நாளை நினைத்துப் பார்ப்பதும் கஷ்டம். ஆனால் முடியவில்லை என்பதை அவர் ஒருநாளும் நியாயம் என்று மாற்றிச் சொல்லவில்லை. நாமோ மாமிசம் தொடாத ஒன்றையே வைத்துக்கொண்டு கணக்கு முழுவதும் தீர்ந்துவிட்டதாக எண்ணுகிறோம். பரம்பரையாக வந்ததால் நமக்கு அது ஒரு தியாகமே அல்ல.

விடக்கூடியது எது என்று ஒவ்வொரு குடும்பமும் தானே பார்த்துக்கொள்ளலாம். தோல் கைப்பையை விடலாம். கல்யாணத்துக்குப் பத்துப் பட்டுப்புடவை என்பதை இரண்டாக்கலாம். பால் வாங்குமிடத்தில் கன்றுகளின் கதியை விசாரிக்கலாம். கறவை நின்ற மாடுகளையும் காளைக்கன்றுகளையும் உண்மையிலேயே வைத்துக் காப்பாற்றும் கோசாலைக்கு, நாம் பாலுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கையாவது மாதந்தோறும் அனுப்பலாம்.

அடுத்த முறை பேத்தி தயிர் வேண்டாம் என்று சொன்னால், அவளுக்கு ஏதோ மேல்நாட்டு மோகம் பிடித்துவிட்டதாக நாம் சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. 1912ல் டால்ஸ்டாய் பண்ணையில் இரண்டு பேர் செய்த சங்கல்பத்தைத்தான் அவளும் செய்திருக்கிறாள். அவளுக்குத் தேங்காய்ப்பாலில் பாயசம் செய்து கொடுப்போம். அவளும், தாத்தாவின் மோரைக் குற்றமாகப் பார்க்காமல், ஆட்டுப்பாலோடு வாழ்ந்து முடித்த மகாத்மாவின் கதையை ஒரு தடவை படிக்கட்டும்.